கொக்கோ தோட்டத்தில் வளர்ந்த குரல்: லியரி கான்ஸ்டன்டைன்

1943ஆம் ஆண்டு ஜூலை 30. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். லண்டன் ரசல் சதுக்கத்தில் உள்ள இம்பீரியல் ஹோட்டலுக்கு ஒரு குடும்பம் பெட்டிகளோடு வந்து இறங்கியது. கணவர், மனைவி, பதினைந்து வயது மகள். நான்கு இரவுகள் தங்க முன்பதிவு செய்து, முன்பணமும் கட்டியிருந்தார்கள்.

ஆனால் ஓர் இரவுதான் தங்கலாம், மறுநாள் கிளம்பிவிட வேண்டும் என்று ஹோட்டல் தரப்பு சொல்லிவிட்டது. காரணத்தை அது மறைக்கவும் இல்லை. அங்குத் தங்கியிருந்த வெள்ளை அமெரிக்கர்கள், கறுப்பினத்தவர் ஒரே ஹோட்டலில் இருப்பதை விரும்பமாட்டார்கள் என்பதுதான் காரணம்.

திருப்பி அனுப்பப்பட்டவர் ஊர்பேர் தெரியாதவர் அல்லர். லார்ட்ஸ் மைதானத்தில் ஆடுவதற்காக வந்திருந்த கிரிக்கெட் நட்சத்திரம். பிரிட்டிஷ் தொழிலாளர் அமைச்சில் பொறுப்பான அதிகாரி. வானொலி நேயர்களுக்கும் தெரிந்தவர். பெயர் லியரி கான்ஸ்டன்டைன்.

மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் அவருக்குக் கைதட்டத் தயாராக இருந்தார்கள். படுக்க ஒரு கட்டில்தான் கிடைக்கவில்லை. புகழ் வேறு, உரிமை வேறு என்பது அவருக்குப் புதிய பாடமும் அல்ல. அந்தப் பாடத்தை அவர் தம் தந்தையின் வாழ்க்கையிலேயே பார்த்து வளர்ந்திருந்தார்.

தோட்டத்துப் பிள்ளை

லியரி நிக்கலஸ் கான்ஸ்டன்டைன் 1901 செப்டம்பர் 21ஆம் தேதி, கரீபியன் கடலில் உள்ள டிரினிடாட் தீவில் பிறந்தார். அப்போது அது பிரிட்டிஷ் காலனி. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்களும், 1845 முதல் கல்கத்தா, சென்னைத் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களும் அங்குத் தோட்டங்களில் உழைத்தார்கள்.

லியரியின் தாயார் அனேய்ஸ் பாஸ்கல் அடிமைகளாக வாழ்ந்தவர்களின் மகள். தந்தை லெப்ரன், கொக்கோ தோட்டத்தில் ஆள்களை வேலைவாங்கும் மேற்பார்வையாளர். நம் வழக்கில் சொன்னால் கங்காணி.

அந்தக் கங்காணிதான் தீவின் கிரிக்கெட் நாயகனும்கூட. 1900இல் மேற்கிந்திய அணி இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது, கையில் காசு இல்லாததால் லெப்ரன் கரையிலேயே நின்றுவிட்டார். கப்பலும் கிளம்பிவிட்டது. செய்தி தெரிந்த ஆதரவாளர்கள் துணிமணி வாங்கிக் கொடுத்து, விரைவுப் படகில் ஏற்றிக் கப்பலைப் பிடிக்க வைத்தார்கள். அந்தப் பயணத்தில் லார்ட்ஸ் மைதானத்தில் அவர் 113 ஓட்டங்கள் எடுத்தார். இங்கிலாந்து மண்ணில் மேற்கிந்தியர் ஒருவர் எடுத்த முதல் சதம் அது.

இவ்வளவு புகழோடு ஊர் திரும்பியவர் மீண்டும் தோட்ட வேலைக்குத்தான் போனார். கிரிக்கெட் அவருக்குப் பெயர் கொடுத்தது, பிழைப்பைக் கொடுக்கவில்லை.

வீட்டில் பயிற்சி கடுமையாக இருந்தது. தந்தையும் மாமன் விக்டர் பாஸ்கலும் ஆட்டக்காரர்கள். பின்னாளில் விக்டரும் மேற்கிந்திய அணிக்காக ஆடியவர். வீட்டு முற்றத்து ஆட்டத்தில் தாயாரும் சேர்ந்துகொள்வார். பந்தைத் தவறவிடக்கூடாது என்பதில் லெப்ரன் கண்டிப்பானவர். உலகின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவர் என்று லியரி பின்னர் பேரெடுத்ததற்கு அந்த முற்றமே காரணம்.

ஆனால் மகன் கிரிக்கெட்டை நம்பி வாழ்வதைத் தந்தை விரும்பவில்லை. பள்ளி முடித்த லியரி போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரில் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தார். சட்டத்தின்மீது ஆர்வம் அங்கேயே துளிர்த்தது. கறுப்பின எழுத்தர் ஒருவர் வழக்கறிஞராவது அன்று எட்டாக்கனி.

கிரிக்கெட் மன்றங்களும் நிறம் பார்த்தன. வெள்ளையருக்கு ஒன்று, வெளிர்நிறக் கலப்பினத்தவருக்கு ஒன்று, ஆசிரியர், எழுத்தர் போன்ற கறுப்பின நடுத்தர வர்க்கத்துக்கு ஒன்று, கூலித் தொழிலாளருக்கு ஒன்று. லியரி ஆடியது மூன்றாவது வகையான ஷானன் மன்றத்தில். 1922இல் டிரினிடாட் அணியில் தந்தையும் மகனும் ஒன்றாகவே களமிறங்கினார்கள்.

லார்ட்ஸில் ஒரு நாள்

1923இல் முதன்முறையாக இங்கிலாந்து போய் வந்த லியரி ஒரு முடிவுக்கு வந்தார். ஊரில் இருந்தால் எழுத்தர் வேலையோடு வாழ்க்கை முடிந்துவிடும். இங்கிலாந்தில் சம்பளத்துக்கு ஆடும் ஆட்டக்காரராகிவிட்டால் தலையெழுத்தை மாற்றலாம். அதற்கு அங்குள்ளவர்கள் கண்ணில் பட வேண்டும்.

1928 சுற்றுப்பயணத்தில் அந்த வாய்ப்பு வந்தது. லார்ட்ஸில் மிடில்செக்ஸ் அணிக்கு எதிரான ஆட்டம். அவருக்குக் காயம். ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தும் களமிறங்கினார்.

மேற்கிந்திய அணி 79 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை இழந்து திணறியபோது வந்து, ஒரு மணி நேரத்துக்குள் 86 ஓட்டங்கள் விளாசினார். பின்னர் பந்துவீச்சில் 57 ஓட்டங்கள் கொடுத்து 7 விக்கெட்டுகளைச் சாய்த்தார். வெற்றிக்கு 259 தேவைப்பட்டது. 121 ஓட்டங்களில் மறுபடியும் 5 விக்கெட்டுகள் போயிருந்தன. மீண்டும் அவரே வந்தார். ஒரு மணி நேரத்தில் 103. அணி 3 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது.

தந்தை முதல் சதம் அடித்த அதே மைதானம் அது. அந்த ஒரே ஆட்டம் அவரை இங்கிலாந்து முழுவதும் பேசவைத்தது. அதே மாதம் அங்கேயே மேற்கிந்திய அணி தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது. அணியின் முதல் டெஸ்ட் விக்கெட்டை எடுத்தவரும் லியரிதான்.

டெஸ்ட் அரங்கில் அவர் ஆடியது 18 ஆட்டங்களே. 635 ஓட்டங்கள், 58 விக்கெட்டுகள். இவை மலைக்கவைக்கும் எண்கள் அல்ல. ஆனால் முக்கியமான வெற்றிகளில் அவர் கை இருந்தது. 1930இல் ஜார்ஜ்டவுனில் இங்கிலாந்தை மேற்கிந்தியத் தீவுகள் முதன்முறை வென்றபோது அவர் 9 விக்கெட்டுகள் எடுத்தார். 1935இல் இங்கிலாந்துக்கு எதிராக முதல் தொடர் வெற்றி கிடைத்தபோதும் அணியில் இருந்தார். அத்தொடரின் கடைசி ஆட்டத்தில் அணித்தலைவர் காயமடைந்து வெளியேற, தலைமைப் பொறுப்பு லியரியிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆனால் மேற்கிந்திய அணியின் முறையான தலைவர் பதவி அவரை எட்டவே இல்லை. கறுப்பின ஆட்டக்காரர் ஒருவர் ஒரு தொடர் முழுமைக்கும் தலைவராக நியமிக்கப்பட 1960 வரை, ஃபிராங்க் வோரல் காலம் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

பஞ்சாலை ஊரில் ஒரு வீடு

1929இல் வட இங்கிலாந்தின் லங்காஷயர் லீக் போட்டியில் ஆடும் நெல்சன் மன்றம் அவரை ஒப்பந்தம் செய்தது. நெல்சன் ஒரு பஞ்சாலை ஊர். வாரம் முழுதும் தறியோடு போராடும் தொழிலாளர்கள் சனிக்கிழமை மதியம் கிரிக்கெட் பார்க்கக் கூடுவார்கள். லீக்கில் ஒவ்வொரு மன்றத்துக்கும் ஒரே ஒரு சம்பள ஆட்டக்காரர். மற்றவர்கள் உள்ளூர்க்காரர்கள். அந்த ஒருவரின் தலையில்தான் மொத்தச் சுமையும்.

பருவத்துக்கு 500 பவுண்ட் சம்பளம், அதற்கு மேல் ஊக்கத்தொகை. தோட்டத்துக் கங்காணியின் மகனுக்கு அது பெரிய தொகை. ஆனால் முதல் வருடம் எளிதாக இல்லை. ஊரில் பலர் கறுப்பினத்தவரை நேரில் பார்த்ததே இல்லை. பிள்ளைகள் சன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவரா, சோப்புப் போட்டால் போய்விடுமா என்று தெருவில் கேட்ட சிறுவர்களும் உண்டு. வசைக் கடிதங்களும் வந்தன.

திரும்பிப் போய்விடலாமா என்ற எண்ணம் அவருக்கு வந்தது. வேண்டாம், ஒப்பந்தத்தை முடிப்போம் என்று உறுதியாக நின்றவர் மனைவி நார்மா. 1927இல் அவரை மணந்து, மகள் குளோரியாவோடு அந்தக் குளிர் ஊரில் குடும்பம் நடத்தியவர் அவர்.

அவர்கள் தங்கினார்கள். லியரி ஒன்பது பருவங்கள் நெல்சனுக்கு ஆடினார். அதில் ஏழு முறை மன்றம் லீக் வாகை சூடியது. மீதி இரண்டு முறையும் இரண்டாம் இடம். அவர் ஆட வருகிறார் என்றால் எதிரணி ஊரிலும் மைதானம் நிறையும். எட்டிப் பார்த்த பிள்ளைகள் பின்னர் அவரிடம் ஆட்டம் கற்றுக்கொண்டார்கள். மெரிடித் தெருவில் இருந்த அவர் வீடு ஊருக்கே தெரிந்த வீடாயிற்று. 1949 வரை அந்தக் குடும்பம் நெல்சனிலேயே வாழ்ந்தது.

அந்த வீட்டுக்கு 1932இல் டிரினிடாட்டிலிருந்து ஒரு விருந்தாளி வந்தார். எழுத்தாளர் சி.எல்.ஆர். ஜேம்ஸ். மேற்கிந்தியத் தீவுகள் தம்மைத் தாமே ஆளவேண்டும் என்பதைப் பற்றி இருவரும் இரவெல்லாம் பேசினார்கள். ஜேம்ஸ் எழுதிய நூல் வெளிவர லியரி பணம் கொடுத்தார். லியரியின் முதல் நூலை எழுத ஜேம்ஸ் உதவினார். மேடைகளில் தம் நாட்டைப் பற்றிப் பேசும் பழக்கமும் லியரிக்கு இந்தக் காலத்தில்தான் வந்தது. மட்டையையும் பந்தையும் வைத்துப் பேர் வாங்கியவர், வாயைத் திறந்து பேசத் தொடங்கினார்.

ஒலிவாங்கியின் முன்னால்

போர் தொடங்கியது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து தொழில்நுட்பர்களும் பயிற்சியாளர்களும் இங்கிலாந்தின் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களைக் கவனிக்கும் நலன்புரி அதிகாரியாக 1941இல் தொழிலாளர் அமைச்சு லியரியை நியமித்தது. அலுவலகம் லிவர்பூலில்.

தங்க இடம் தேடுவது, கறுப்பினத்தவரை வேலைக்கு எடுக்க மறுக்கும் முதலாளிகளிடம் பேசுவது, தொழிற்சங்கங்களைச் சமாதானப்படுத்துவது, குளிரிலும் தனிமையிலும் வாடும் இளைஞர்களைத் தேற்றுவது எல்லாம் அவர் வேலை. பத்தாண்டுக்கு மேல் நெல்சனில் பெற்ற அனுபவம் இங்குக் கைகொடுத்தது.

அதே காலத்தில் பி.பி.சி. வானொலியிலும் அவர் குரல் கேட்கத் தொடங்கியது. ஜமைக்காவைச் சேர்ந்த கவிஞர் யூனா மார்சன் கரீபியன் நேயர்களுக்காக ஒரு நிகழ்ச்சி நடத்தினார். இங்கிலாந்தில் இருக்கும் படைவீரர்களும் தொழிலாளர்களும் கடல் கடந்த தம் வீட்டாருக்குச் செய்தி அனுப்பும் நிகழ்ச்சி அது. தொழிற்சாலைகளில் தம் மக்கள் என்ன செய்கிறார்கள் என்பதை லியரி எடுத்துச் சொன்னார். 1943இல் எடுக்கப்பட்ட அரசாங்கச் செய்திப்படம் ஒன்றில் மார்சனோடு அவர் பேசுவதை இன்றும் பார்க்கலாம்.

ஆக, இம்பீரியல் ஹோட்டல் வாசலில் அவர் நின்றபோது, பிரிட்டனின் போருக்காகத் தம் மக்களை அரவணைத்துச் செல்வதே அவருடைய அன்றாட வேலையாக இருந்தது. அந்த நாட்டின் தலைநகரில்தான் அவர் குடும்பத்துக்கு இடம் மறுக்கப்பட்டது.

ஐந்து கினி வழக்கு

அன்றிரவு அவர் தகராறு செய்யவில்லை. அமைச்சைச் சேர்ந்த சக அதிகாரி ஒருவர் வந்து வாதாடிப் பார்த்தும் பலனில்லை. குடும்பம் வேறு ஹோட்டலுக்குப் போயிற்று. விஷயம் நாடாளுமன்றத்திலும் எழுப்பப்பட்டது. பலர் அத்தோடு விட்டிருப்பார்கள். லியரி நீதிமன்றம் போனார்.

ஒரு சிக்கல் இருந்தது. நிறத்தைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்குவதைத் தடுக்க அன்று பிரிட்டனில் சட்டமே இல்லை. ஆனால் விடுதி நடத்துபவர், இடம் இருக்கும்போது தக்க காரணமின்றிப் பயணியைத் திருப்பி அனுப்பக்கூடாது என்ற பழைய பொதுச்சட்டக் கடமை ஒன்று இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டார்கள். பேட்ரிக் ஹேஸ்டிங்ஸ் அவருக்காக வாதாடினார். துணை நின்றவர் இளம் பெண் வழக்கறிஞர் ரோஸ் ஹெயில்பிரன்.

1944 ஜூன் 28ஆம் தேதி நீதிபதி பர்கெட் தீர்ப்பளித்தார். லியரி தரப்பு சொன்னது உண்மை, ஹோட்டல் தன் கடமையை மீறியது என்று முடிவாயிற்று. நட்டஈடு 5 கினி. அதாவது ஐந்து பவுண்டும் ஐந்து ஷில்லிங்கும். அதற்கு மேல் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று நீதிபதி கருதினார்.

பணம் சிறியது. ஆனால் இதுவரை முணுமுணுப்பாகவே இருந்த ஒரு அவமானம், நீதிமன்றப் பதிவேட்டில் ஏறிவிட்டது. நாளிதழ்கள் எழுதின. நாடு முழுவதும் பேசியது.

மறு ஆண்டு, போர் முடிந்த ஆகஸ்டில், லார்ட்ஸில் இங்கிலாந்துக்கு எதிராக டொமினியன்ஸ் அணி ஆடியது. தலைவராக இருந்த ஆஸ்திரேலியர் உடல்நலமில்லாமல் போக, அணியினர் லியரியைத் தலைவராக்கினார்கள். மற்ற ஆட்டக்காரர்கள் அனைவரும் வெள்ளையர்கள். டொமினியன்ஸ் 45 ஓட்டங்களில் வென்றது. அதுவே அவரது கடைசி முதல்தர ஆட்டம்.

எழுத்தர் வழக்கறிஞரானார்

ஆட்டத்திலிருந்து விலகிய பிறகு வானொலியும் எழுத்தும் அவருக்கு வருமானம் தந்தன. கிரிக்கெட் வர்ணனை செய்தார். கரீபியன் பற்றியும் நிறவேற்றுமை பற்றியும் உரையாற்றினார். அதே வேகத்தில், எழுத்தராக இருந்தபோது கைவிட நேர்ந்த சட்டப்படிப்பையும் எடுத்துக்கொண்டார். படிப்பு அவருக்கு எளிதாக வரவில்லை. விடாமல் படித்தார். ஐம்பது வயதைக் கடந்த பிறகு, 1954இல் வழக்கறிஞர் ஆனார். நிறவேற்றுமை பற்றிய அவர் நூலும் அதே ஆண்டு வெளிவந்தது.

டிரினிடாட்டில் அவர் முன்பு எழுத்தராக வேலை பார்த்த அதே எண்ணெய் நிறுவனம், இப்போது சட்ட ஆலோசகர் பிரிவில் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஊர் திரும்பியவரை அரசியல் இழுத்தது. எரிக் வில்லியம்ஸ் தொடங்கிய மக்கள் தேசிய இயக்கத்தின் தலைவராகி, 1956 தேர்தலில் வென்று, பொதுப்பணித் துறையையும் போக்குவரத்தையும் கவனிக்கும் அமைச்சரானார்.

டிரினிடாட் சுதந்திரம் பெற்ற நாள் 1962 ஆகஸ்ட் 31. மலேசியர்களுக்கு மறக்கமுடியாத அதே தேதி. அந்தப் புதிய நாட்டின் முதல் தூதராக லண்டனில் இருந்தவர் லியரி. அதே ஆண்டு அவருக்குச் சர் பட்டமும் கிடைத்தது.

வாயை மூடாத தூதர்

1963இல் பிரிஸ்டல் நகரப் பேருந்து நிறுவனம், கறுப்பினத்தவரையும் ஆசியரையும் ஓட்டுநர், நடத்துநர் வேலைக்கு எடுக்க மறுத்தது. பால் ஸ்டீவன்சன் என்ற இளைஞரும் நண்பர்களும் பேருந்துப் புறக்கணிப்பைத் தொடங்கினார்கள். வெளிநாட்டுத் தூதர் உள்ளூர் விவகாரத்தில் தலையிடுவது வழக்கமில்லை. லியரி தலையிட்டார். நகர மேயரிடமும் தொழிற்சங்கத் தலைவரிடமும் பேசினார். பத்திரிகையாளர்களிடம் வெளிப்படையாகக் கண்டித்தார். பேருந்து நிறுவனத்தின் தாய் அமைப்போடும் பேச்சு நடத்தினார்.

ஆகஸ்ட் 28ஆம் தேதி நிறுவனம் பணிந்தது. அடுத்த மாதம் வேலைக்குச் சேர்ந்த முதல் வெள்ளையரல்லாத நடத்துநர் ஓர் இந்தியர், சீக்கியர்.

இந்த வெற்றிக்கு லியரி விலை கொடுத்தார். தூதர் இப்படிப் பொதுவெளியில் பேசியது பிரதமர் வில்லியம்ஸுக்குப் பிடிக்கவில்லை. 1964இல் அவர் பதவியிலிருந்து விலகினார்.

1965இல் பிரிட்டனின் முதல் இன உறவுச் சட்டம் வந்தது. ஹோட்டல் போன்ற பொது இடங்களில் நிறத்தைக் காட்டி ஒருவரைத் திருப்பி அனுப்புவதை அது தடுத்தது. இம்பீரியல் ஹோட்டல் சம்பவம் நடந்து 22 ஆண்டுகள் கழித்து. அச்சட்டத்தைக் கண்காணிக்க 1966இல் அமைந்த வாரியத்தில் லியரியும் ஓர் உறுப்பினர்.

1968இல் பி.பி.சி. ஆளுநர் குழுவில் அவர் நியமிக்கப்பட்டார். அந்தக் குழுவில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. போர்க்காலத்தில் விருந்தினராக ஒலிவாங்கி முன் அமர்ந்தவர், கால் நூற்றாண்டுக்குப் பிறகு அந்த நிறுவனத்தின் மேல்மட்டத்தில் அமர்ந்தார். ஆனால் உடல்நலம் குன்றத் தொடங்கியிருந்ததால் அங்கு அவரால் நினைத்த அளவுக்கு இயங்க முடியவில்லை. காலமும் மாறியிருந்தது. பதவிகளில் அமர்ந்து மென்மையாகப் பேசும் அவர் வழி போதாது என்று நினைத்த கறுப்பின இளைஞர்களும் இருந்தார்கள். தூதராக இருந்தபோது அதிகம் பேசுகிறார் என்றார்கள். இப்போது போதவில்லை என்றார்கள்.

பெயரில் இரண்டு ஊர்கள்

1969இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபைக்கு அவர் நியமிக்கப்பட்டார். அச்சபையின் முதல் கறுப்பின உறுப்பினர். அத்தகைய பிரபுக்கள் தம் பட்டத்தோடு ஓர் ஊரின் பெயரைச் சேர்த்துக்கொள்வது வழக்கம். லியரியின் பட்டத்தில் இரண்டு ஊர்கள் இடம்பெற்றன. ஒன்று, அவர் சிறுவயது நாள்களின் தோட்டத்தை அடுத்திருந்த மராவல். மற்றொன்று, பிள்ளைகள் சன்னல் வழியே எட்டிப் பார்த்த நெல்சன்.

1971 ஜூலை 1ஆம் தேதி லண்டனில் மாரடைப்பால் காலமானார். நோயுற்ற நிலையில், ஊருக்கே திரும்பிவிட அவர் ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். உடல் டிரினிடாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, அரசு மரியாதையோடு அரூக்கா என்ற ஊரில் அடக்கம் செய்யப்பட்டது. நாட்டின் மிக உயரிய விருது அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் நினைவு வழிபாடும் நடந்தது.

நெல்சனில் ஊர் திரும்பாமல் அவரைப் பிடித்து நிறுத்திய நார்மா, அவர் போன இரண்டே மாதங்களில் தாமும் கண்மூடினார்.

மெரிடித் தெருவில் அவர்கள் வாழ்ந்த வீட்டுச் சுவரில் இன்று ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. லெப்ரன் கான்ஸ்டன்டைன் லார்ட்ஸில் சதம் அடித்துவிட்டுத் தோட்ட வேலைக்குத் திரும்பிய காலத்துக்கும், அவர் மகன் பெயர் இங்கிலாந்துச் சுவரில் ஏறிய காலத்துக்கும் இடையில் இருப்பது கிரிக்கெட் மட்டுமல்ல. ஒரு பஞ்சாலை ஊரில் சகித்துத் தங்கிய இருபது வருடங்களும், ஐந்து கினிக்காகப் போட்ட ஒரு வழக்கும் அதில் சேரும்.